புறம்பேச்சுக்கு வழக்கில்லை: 1862 மகராஜ் வழக்கை முன்வைத்து



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பை என்னையே தேர்ந்துகொள்ளச் சொன்ன அரங்கத் தோழர்கள் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். மாணவர்கள் நிறைய வருவார்கள், அவர்களுக்குக் களத்தில் உதவுகிற மாதிரி பேசுங்கள் என்றார்கள். அதனால் மாணவர்கள் கூட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வியையே எடுத்துக்கொண்டேன். ஒரு மடாதிபதியைப் பற்றியோ ஆயரைப் பற்றியோ சாமியாரைப் பற்றியோ நாம் வாய் திறந்தால் உடனே 'அவதூறு' என்கிறார்கள்; காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அதே ஆளைப் பற்றி டீக்கடையில் ஆயிரம் கதை ஓடுகிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்படியானால் அவதூறு எது, விமர்சனம் எது?

இதற்கு அகராதியைப் புரட்டிப் பயனில்லை. மென்மையாகச் சொன்னால் விமர்சனம், கடுமையாகச் சொன்னால் அவதூறு என்று சிலர் விளக்குவார்கள். அப்படிப் பார்த்தால் அடிபட்டவன் போடுகிற சத்தமெல்லாம் அவதூறாகிவிடும். கேட்பவர் மனம் புண்பட்டதா இல்லையா என்பதையும் அளவுகோலாக வைக்க முடியாது. நாம் செருப்பணிந்து தெருவில் நடந்தபோதுகூட மனம் புண்பட்டவர்கள் இருந்த நாடு இது. விடையை வரலாற்றில்தான் தேட வேண்டும். இந்தக் கேள்வி ஒரு நீதிமன்றத்தில் பல வாரம் நின்று வாதாடப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது. பம்பாய், 1862. 'மகராஜ் அவதூறு வழக்கு' என்று பெயர். தமிழில் இதைப் பற்றி அதிகம் பேசப்பட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்றைய பம்பாயின் பஞ்சு, துணி, அபின் வணிகத்தில் குஜராத்தி பேசும் பாட்டியா, வாணியா, லோகாணா சாதிகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. இவர்களில் பலர் புஷ்டிமார்க்க வைணவர்கள். 1479 முதல் 1531 வரை வாழ்ந்த வல்லபாச்சாரியார் தோற்றுவித்த மார்க்கம் அது. வல்லபர் தெலுங்குப் பிராமணக் குடும்பத்தவர், மனைவி மக்களோடு இல்லறத்தில் வாழ்ந்தவர். ஆகவே குருபீடம் சீடனுக்குப் போகாமல் மகனுக்குப் போனது. அவருடைய ஆண்வழி வாரிசுகள் அத்தனை பேரும் பிறப்பாலேயே குருமார்கள். அவர்களைத்தான் 'மகராஜ்' என்றார்கள். படித்தோ தவம் செய்தோ அடைந்த இடமல்ல, பிறந்ததால் கிடைத்த இடம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த மார்க்கத்தில் சேரும்போது அடியார் தன்னுடைய உடல், மனம், பொருள் மூன்றையும் கிருஷ்ணனுக்கு அர்ப்பணிப்பதாக உறுதி சொல்ல வேண்டும். தத்துவத்தில் அது கிருஷ்ணனுக்கு. நடைமுறையில் கிருஷ்ணனின் உருவாகவே கருதப்பட்ட மகராஜுக்கு. பொருள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்குக் கணக்கே உண்டு: வணிகர்கள் கைமாற்றும் சரக்கின்மீது ஹவேலிக்கு என்று ஒரு மகமை விதிக்கப்பட்டிருந்தது. ஹவேலி என்றால் மாளிகை. அவர்களுடைய கோயிலுக்கு அதுதான் பெயர். உடல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. அடியார்கள் வீட்டுப் பெண்களை மகராஜ்கள் தங்களுக்கு உரியவர்களாக நடத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

பேசிக்கொண்டார்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்னர் வழக்கில் சாட்சி சொன்ன பலர், இது எங்கள் சமூகத்தில் எல்லோருக்கும் நெடுநாளாகத் தெரிந்த செய்தி என்றார்கள். தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? மறுநாளும் ஹவேலிக்குப் போனார்கள். மகமை கட்டினார்கள். தங்கள் வீட்டுப் பெண்களையும் அனுப்பினார்கள். அந்தப் பேச்சுக்காக எந்த மகராஜும் யார்மீதும் வழக்குப் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. புறம்பேச்சு பீடத்தை அசைப்பதில்லை. சொல்கிறவனுக்கு மனம் கொஞ்சம் ஆறும், கேட்கிறவனுக்குப் பொழுது போகும், பீடத்தில் இருப்பவன் பீடத்திலேயே இருப்பான். சில சமயம் அந்தப் பேச்சே அவனுடைய மகிமையாகவும் மாறிவிடும். நம் ஊர்ப் பண்ணையார்களைப் பற்றிய கதைகளில் பாதி அப்படித்தானே?

நிலைமை மாறியது 1850களின் இறுதியில். வேறொரு விவகாரத்தில் ஜீவன்லால்ஜி என்ற மகராஜ் நீதிமன்றத்துக்கு வர வேண்டிய நிலை ஏற்பட்டது. சாதாரண மனிதனைப் போல நீதிமன்றத்தில் போய் நிற்பதா என்று அவர் அடியார்களிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டார். எந்த அடியாரும் மகராஜை நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது. மகராஜ்களுக்கு எதிராக எழுதுகிறவனைச் சாதியிலிருந்து விலக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களை வழிக்குக் கொண்டுவர ஹவேலியின் கதவை மூடினார்கள். சாமி முகம் பார்க்காமல் சாப்பிடாத பக்தர்கள் அதற்குமேல் என்ன செய்வார்கள்? பசி கையெழுத்துப் போட வைத்தது. இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு பத்திரிகை வைத்த பெயர் 'அடிமை முறி'. அந்தப் பத்திரிகை சத்திய பிரகாஷ். அதன் ஆசிரியர் கர்சன்தாஸ் மூல்ஜி.

கர்சன்தாஸ் 1832இல் பிறந்தவர். கபோல் வாணியா சாதி. அவர் குடும்பமே புஷ்டிமார்க்கக் குடும்பம்தான். தாயை இழந்து அத்தை வீட்டில் வளர்ந்தவர். விதவை மறுமணத்தை ஆதரித்து ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினார் என்று தெரிந்ததும் அந்த அத்தையே வீட்டை விட்டு வெளியேற்றினார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு 1855இல் சத்திய பிரகாஷைத் தொடங்கினார். அதை அச்சிட்டவர் நானாபாய் ருஸ்தம்ஜி ராணினா என்ற பார்சி. ஒரு சமூகவியல் மாணவியாக எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த விவரம் இதுதான். வாணியாவையோ பாட்டியாவையோ சாதிவிலக்கு என்று மிரட்டலாம். பார்சியை எந்தச் சாதியிலிருந்து விலக்குவது? சாதியின் கை எட்டாத இடத்தில் அச்சகம் இருந்ததால்தான் அந்த எழுத்து வெளியே வந்தது. நம்முடைய முன்னோர்கள் சொந்த அச்சுக்கூடத்துக்காக ஏன் அவ்வளவு அலைந்தார்கள் என்பதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது.

1860இல் சூரத்திலிருந்து ஜதுநாத்ஜி என்ற மகராஜ் பம்பாய்க்கு வந்தார். கெட்டிக்காரர். பொதுமேடையில் விவாதிக்கத் தயாராக இருந்தவர்; விதவை மறுமணம் குறித்துக் கவிஞர் நர்மதோடு நேருக்கு நேர் வாதாடியவர். அவர் தரப்பில் ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. அதற்கு எதிர்வினையாக 1860 அக்டோபர் 21 அன்று சத்திய பிரகாஷில் ஒரு கட்டுரை வந்தது. இந்துக்களின் ஆதி மதமும் இன்றைய பாசாங்கு மதங்களும் என்பது அதன் தலைப்பின் பொருள். கர்சன்தாஸ் அதில் ஊர்ப்பேச்சை அப்படியே எடுத்துப் போடவில்லை. வல்லபரின் பேரன் கோகுல்நாத்ஜி எழுதிய உரையை எடுத்துக்காட்டி, மனைவியையும் குருவுக்கு அர்ப்பணிக்கச் சொல்கிற இடம் இது, இதன் விளைவு இது என்று வாதிட்டார். பிறகு ஜதுநாத்ஜியைப் பெயர் சொல்லி அழைத்து, உம்முடைய குலத்து மூத்தவர்களிடம் போய் முதலில் இதைத் திருத்தும் என்றார்.

நெடுங்காலம் எல்லோரும் பேசிய அதே விஷயம். ஆனால் அச்சில் வந்ததும் அவதூறு ஆகிவிட்டது. 1861 மே 14 அன்று ஜதுநாத்ஜி வழக்குத் தொடுத்தார். கேட்ட நட்டஈடு 50,000 ரூபாய். பிரதிவாதிகள் கர்சன்தாஸும் ராணினாவும்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் நடந்த ஒன்று என்னைப் பொறுத்தவரை வழக்கைவிட முக்கியமானது. பாட்டியா சாதித் தலைவர்கள் கூட்டம் போட்டு, மகராஜுக்கு எதிராகச் சாட்சி சொல்கிற எவனும் சாதிக்கு வெளியே என்று முடிவெடுத்தார்கள். சாதிவிலக்கு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள், பந்தியில் இடமில்லை, செத்தால் தூக்க ஆள் வராது. கர்சன்தாஸ் இதைச் சும்மா விடவில்லை. சாட்சிகளைத் தடுக்கச் சதி செய்தார்கள் என்று தனியாக வழக்குப் போட்டார். ஒன்பது பாட்டியாக்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி அபராதம் விதிக்கப்பட்டது. குருவின் மானத்தைக் காப்பாற்ற வந்தது மதம் அல்ல, சாதிப் பஞ்சாயத்து. பீடத்தின் கால்கள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி காட்டிவிடுகிறது. விலக்கப்படுவதற்கு ஒருவன் முதலில் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதால் நம்மிடம் இந்த ஆயுதம் செல்லாது என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது முழுக்க உண்மை இல்லை. நமக்கு வேலை விலக்கு, தண்ணீர் விலக்கு, கடை விலக்கு என்று வேறு வடிவங்கள் இருக்கின்றன.

1862 ஜனவரி 25 அன்று பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. தலைமை நீதிபதி மாத்யூ சாஸ், உடன் ஜோசப் ஆர்னோல்ட். கர்சன்தாஸுக்காக வாதாடியவர் ஆன்ஸ்டி. இரு தரப்பிலும் சேர்த்து அறுபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள். ஜதுநாத்ஜியே சாட்சிக் கூண்டில் ஏறினார். 'அடிமை முறி' எழுதி வாங்கியவர்களின் குலத்தில் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார் என்பதே அந்த ஊரைக் குலுக்கிய செய்தி. மறுபக்கத்தில் மதுராதாஸ் லவ்ஜி, லக்மிதாஸ் கிம்ஜி போன்ற சமூகப் பெரியவர்கள் சாதிவிலக்கு மிரட்டலுக்கு நடுவிலும் வந்து, தாங்கள் கண்டதையும் அறிந்ததையும் சொன்னார்கள். மருத்துவர் பாவ் தாஜி வந்தார். மதநூல்களைப் பற்றிச் சொல்ல மிஷனரி ஜான் வில்சன் வந்தார்.

ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு. சட்ட நுட்பமான ஒரு பகுதியில் இரு நீதிபதிகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. கட்டுரையின் மையமான குற்றச்சாட்டுகள் உண்மை என்று நிறுவப்பட்டதா என்ற கேள்வியில் வேறுபாடு இல்லை. நிறுவப்பட்டது என்றார்கள். ஒரு பத்திரிகையாளன் தன்னுடைய சமூகத்தின் தலைவர்களிடம் இப்படிப்பட்ட நடத்தையைக் கண்டால் அதை வெளிப்படுத்துவது அவன் கடமை என்ற பொருளில் பேசினார்கள். இது இறையியல் பிரச்சினையே இல்லை, ஒழுக்கப் பிரச்சினை. ஒழுக்கத்தில் தவறானது இறையியலில் சரியாகிவிட முடியாது என்பது ஆர்னோல்டின் வாதம். வழக்குச் செலவையும் கர்சன்தாஸ் பெற்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கர்சன்தாஸின் எழுத்தை அதே விஷயத்தைப் பற்றிய தெருப்பேச்சிலிருந்து வேறுபடுத்தியது எது என்று பார்ப்போம். இரண்டிலும் செய்தி ஒன்றுதான். ஆனால் கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார், விலாசம் இருந்தது. வழக்கு வந்தபோது அவர் ஓடவில்லை. சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது: நூல் இது, பகுதி இது, ஆள் இவர். பதில் சொல்ல எதிராளிக்கு இடம் இருந்தது. அவரிடமும் பத்திரிகை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டுரை ஒரு கோரிக்கையோடு முடிந்தது. இது நிற்க வேண்டும் என்றது. புறம்பேச்சு எதையும் கோருவதில்லை. நாளைக்கும் பேச விஷயம் வேண்டுமே. ஒரு செய்தி உண்மையா பொய்யா என்பது முக்கியம்தான், ஆனால் அதோடு கேள்வி முடிவதில்லை. உண்மையான செய்தியும் புறம்பேச்சாகவே காலம் தள்ள முடியும். பம்பாயில் அப்படித்தான் தள்ளியது.

அந்த வழக்கிலும் எனக்கு நெருடுகிற இடங்கள் உண்டு. மகராஜுக்குப் பால்வினை நோய்க்கு மருத்துவம் பார்த்ததாக மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர் சத்தியம் செய்து மறுத்ததைப் பொய்யாக்க அது பயன்பட்டது. நீதிமன்றத்தில் அதற்குத் தேவை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே ஊர் நினைவில் வைத்துக்கொண்டது அந்த நோயைத்தான். மகமையையும் அடிமை முறியையும் அல்ல. இன்னொன்று, பெண்கள். வழக்கு முழுக்கப் பெண்களைப் பற்றியது. ஆனால் இன்று நமக்குப் பெயர் தெரிந்த முக்கியச் சாட்சிகள் எல்லாரும் ஆண்கள். எங்கள் மனைவியர், எங்கள் மகள்கள் என்று ஆண்கள் பேசினார்கள். அந்தப் பெண்கள் மயங்கிப் போனவர்களா, வற்புறுத்தப்பட்டவர்களா, பக்தியால் போனவர்களா என்பதை ஆண்களே தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். குடும்ப மானம் வழக்காடியது. பெண் அதில் தடயப் பொருளாக இருந்தாள். அம்ரிதா ஷோதன் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள்.

கட்டுரையின் தலைப்பையும் திரும்பப் பாருங்கள். ஆதி மதம் தூய்மையானது, பிற்காலத்து மார்க்கங்கள்தான் கெட்டவை என்பது கர்சன்தாஸின் நிலை. நல்ல பழைய மதத்துக்கும் கெட்ட புதிய குருவுக்கும் இடையிலான சண்டையாக அதை அமைத்தார். ஹவேலியின் கதவு யாருக்கெல்லாம் என்றைக்குமே திறந்ததில்லை என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. பிறப்பால் ஒருவன் குருவாக முடியும் என்றால் பிறப்பால் ஒருவன் தீண்டத்தகாதவன் ஆவதும் அதே கணக்குத்தான். முன்னதைத் தொட்டவர்கள் பின்னதைத் தொடவில்லை. அதற்கு அதிக நாள் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. 1873இல் ஜோதிராவ் பூலே குலாம்கிரியை வெளியிட்டார். ஒரு குருவின் ஒழுக்கம் என்று நில்லாமல் குருமார் என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்ட நூல் அது.

நம்முடைய சென்னைக்கு வருகிறேன். மதத் தலைமையைப் பற்றிய இரண்டு வகைப் பேச்சு ஒரே காலத்தில் ஒரே ஆளைச் சுற்றி நடந்த இடம் அடையாறு. அங்கே பிரம்ம ஞான சங்கத்தின் கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரை 1898இல் இலங்கைக்கு அழைத்துச் சென்று பௌத்தம் தழுவத் துணையாக இருந்தவரும் அவர்தான். 1907இல் ஆல்காட் இறந்ததும் தலைமை அன்னி பெசன்ட் அம்மையாரிடம் வந்தது. சிறுவர்கள் தொடர்பான ஒரு குற்றச்சாட்டில் 1906இல் சங்கத்தை விட்டு விலகியிருந்த லெட்பீட்டரை அம்மையார் மறுபடியும் சேர்த்துக்கொண்டார். ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை உலக குருவாக வளர்க்கும் வேலையும் தொடங்கியது. டாக்டர் டி.எம். நாயர் தன்னுடைய ஆன்டிசெப்டிக் மருத்துவ இதழில் லெட்பீட்டர் விவகாரத்தைக் கடுமையாக எழுதினார். அம்மையார் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யா பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்று, 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி நியாயமான கேள்விதான், எந்தப் பீடத்தையும் அதைக் கேட்க வேண்டும். நாயர் பெயர் போட்டுக் கேட்டார், வழக்கையும் சந்தித்தார். ஆனால் அந்த வழக்குகளுக்குச் சென்னை கொடுத்த கவனத்தில் சிறு பங்காவது இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கலாம். 1909 பிப்ரவரியில் இண்டியன் ரிவ்யூ இதழில் அம்மையார் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்முடைய பிள்ளைகளின் உடல்கள் பல தலைமுறைக் குடியாலும் உணவாலும் நாற்றமடைந்தவை, இன்னும் சில தலைமுறை தூய உணவு உண்டு வாழ்ந்த பிறகுதான் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் நெருங்கி உட்காரத் தகுதி பெறும் என்பது அதன் சாரம். ஆல்காட் திறந்த பள்ளிகளின் சங்கத்துக்குத் தலைவியாக இருந்துகொண்டே எழுதியது இது. இதில் வதந்தி எதுவும் இல்லை. அச்சில் இருந்தது, கையெழுத்தோடு இருந்தது. எந்த நீதிமன்றத்துக்கும் அது போகவில்லை. ஒரு மதத் தலைவி ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் பற்றி நாறும் உடல்கள் என்று எழுதலாம், அது அவதூறு ஆகாது. சட்டத்தின் கண்ணில் மானம் என்பது தனி ஆளுக்கு உண்டு, சேரிக்கு இல்லை.

அந்தக் கட்டுரையை மீண்டும் எடுத்து நாட்டின் முன்னால் வைத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்ற 1945ஆம் ஆண்டு நூலில், அம்மையாரின் சொற்களை நீளமாக எடுத்துத் தந்தார். அடையாற்றின் படுக்கையறைகளைப் பற்றி அவருக்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. எதிராளி வெளிப்படையாக, பெருமையாக, அச்சில் சொன்னதே போதுமானதாக இருந்தது. இதை ஒரு முறை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பீடங்களின் பெரிய குற்றங்கள் பெரும்பாலும் ஒளித்து வைக்கப்படுவதில்லை. அவை சடங்காக, சட்டதிட்டமாக, அருளுரையாக எல்லோர் கண்முன்னும் நடக்கின்றன. ஒளித்து வைத்ததைத் துழாவுகிற ஆர்வத்தில் வெளியே இருப்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

1936இலும் அவர் இப்படித்தான் செய்தார். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, வேத சாத்திரங்களைப் பற்றிய பகுதிகளைக் கண்டு பயந்து பின்வாங்கியது. அவர் உரையைத் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். காந்தி ஹரிஜனில் மறுப்பு எழுதினார். சைதன்யர், ஞானதேவர், துக்காராம், திருவள்ளுவர் என்று மகான்களை வரிசையாக நிறுத்தி, இவர்கள் பின்பற்றிய மதமா மதிப்பற்றது என்று கேட்டார். அம்பேத்கரின் பதிலைப் பாருங்கள். மகான்களின் நடத்தையில் களங்கம் தேடி அவர் போகவில்லை. அவர்கள் பக்திமான்கள், அதை ஏற்கிறேன். ஆனால் கடவுளுக்கு முன்னால் மனிதர் சமம் என்றார்களே தவிர, மனிதருக்கு முன்னால் மனிதர் சமம் என்று போராடவில்லை, சாதி அவர்களால் அசையவில்லை என்பது அவர் வாதம். ஒழுக்கத்தில் குறையே இல்லாத மனிதரைக்கூட விமர்சிக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. கெட்ட குருவை மட்டும் விமர்சிப்பவன் நல்ல குரு வந்ததும் வாயடைத்துப் போவான்.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லிவிடுகிறேன். 1924இல் லாகூரில் நபிகளின் இல்லற வாழ்வை இழித்து ஒரு சிறுநூல் வந்தது. சீதையை இழித்து வந்த வேறொரு சிறுநூலுக்குப் பதிலடி என்றார்கள். எழுதியவர் பெயர் போடவில்லை. வெளியிட்டவர் 1927இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார், 1929இல் குத்திக் கொல்லப்பட்டார். கொலை கொலைதான், அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அந்தச் சிறுநூல் அன்றைய எந்த அதிகாரத்தை நோக்கிப் பேசியது? எந்த ஏழை முஸ்லிமுக்காக, எந்த முஸ்லிம் பெண்ணுக்காகக் கேட்டது? யாருக்காகவும் இல்லை. அண்டை வீட்டுக்காரனைச் சீண்டுவது மட்டுமே நோக்கம். அந்தச் சண்டையின் விளைவாக 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ சேர்ந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299ஆவது பிரிவு. அவதூறுக்கான பழைய 499இல், இன்றைய 356இல், பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை குற்றமாகாது என்று விதிவிலக்கு இருக்கிறது. 295ஏயில் உண்மைக்கு அப்படித் தனி விதிவிலக்கு எழுதப்படவில்லை. வேண்டுமென்றே கெட்ட நோக்கத்தோடு செய்ததா என்பதுதான் கேள்வி. இரண்டு பெயரற்ற சிறுநூல்களின் சண்டைக்காக வந்த பிரிவு இன்று பெயர் போட்டுக் கேள்வி கேட்கிறவர்கள் தலைக்குமேல் தொங்குகிறது. மாணவத் தோழர்கள் இந்த வேறுபாட்டை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. காவல் நிலையத்தில் உதவும்.

இனி நம் பக்கம். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். திருச்சபைத் தலைமையைக் கேள்வி கேட்க அந்தச் சுவரைவிட வேறு ஆதாரம் எதற்கு? எந்தப் பாதிரியாரின் அந்தரங்கமும் வேண்டாம். செங்கல்லும் சுண்ணாம்பும் போதும். ஆனால் நம் கூட்டங்களிலேயே சுவரைப் பற்றிப் பேசினால் பத்துப் பேர் கேட்கிறார்கள், யாரோ ஒரு சாமியாரின் வீடியோவைப் பற்றிப் பேசினால் அரங்கம் நிறைகிறது. அந்த வீடியோவில் இருக்கும் பெண் பெரும்பாலும் யார் வீட்டுப் பெண் என்று நினைத்துப் பார்க்கிறோமா? அவளுக்கு அடுத்த நாள் காலை எப்படி விடிந்திருக்கும்?

புறம்பேச்சு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நான் பேசுவதாக நினைக்க வேண்டாம். விடுதியில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், அந்த ஆள் இருக்கும் அறைக்குத் தனியாகப் போகாதே என்று காதோடு சொல்வதும் முணுமுணுப்புத்தான். அதை நான் அவதூறு என்று சொல்ல மாட்டேன். நீதிமன்றமும் பத்திரிகையும் சாதிச்சங்கமும் கைவிட்ட இடத்தில் அவர்களிடம் மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு அது. 1850களின் பம்பாய்ப் பெண்களும் தங்களுக்குள் அப்படி எச்சரித்துக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்; அதை எழுதி வைக்க யாரும் இல்லை. அந்த முணுமுணுப்பைக் கேட்டால் அதை ருசித்துப் பரப்பக் கூடாது. சொன்னவளின் அனுமதியோடு அதை வாக்குமூலமாக்க வேண்டும். வழக்கறிஞர் வேண்டும், தங்க இடம் வேண்டும், சாட்சிக்கு வருகிறவரை ஊர் விலக்கினால் சோறு போட ஆள் வேண்டும். கர்சன்தாஸ் வென்றது கட்டுரையால் மட்டுமல்ல. அறுபது பேருக்கு மேல் கூண்டேறிய வழக்கில் தன் பக்கத்துச் சாட்சிகள் பயமில்லாமல் வர வேண்டும் என்று முதலில் பாட்டியாத் தலைவர்கள்மீது வழக்குப் போட்டாரே, அதனாலும்தான். நம் இயக்கங்களில் கட்டுரை எழுத ஆள் இருக்கிறது. சாட்சியைக் காப்பாற்றுகிற வேலைக்குத்தான் ஆள் குறைவு. நம்முடைய சொந்தத் தலைவர்களைப் பற்றிய புகார்களுக்கும் இதே நடைமுறை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

கர்சன்தாஸ் 1863இல் இங்கிலாந்துக்குப் போனார். கடல் தாண்டினார் என்று அவருடைய சாதி அவரை விலக்கியது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டார்கள். 1871இல் இறந்தார், வயது 39.

2024இல் இந்த வழக்கை வைத்து 'மகராஜ்' என்று ஒரு இந்திப் படம் எடுத்தார்கள். ஜூன் 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளிவர இருந்தது. தங்கள் மத உணர்வு புண்படும் என்று புஷ்டிமார்க்கத்தார் சிலர் குஜராத் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள், முந்தைய நாள் தடை வந்தது. நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு, அதில் அப்படி ஒன்றும் இல்லை என்று ஜூன் 21 அன்று தடையை நீக்கினார். அன்றே படம் வெளியானது. படம் சுமார்தான், கதாநாயகனின் காதலுக்கு இருக்கிற இடம் மகமைக்கு இல்லை. விசாரணையும் சாட்சியங்களும் தீர்ப்பும் 1862இலேயே பம்பாயில் அச்சாகிவிட்டன, இணைய நூலகங்களில் கிடைக்கின்றன. நீளமான நூல். லக்மிதாஸ் கிம்ஜியின் சாட்சியத்திலிருந்து தொடங்குங்கள்.